சுவரைப் பார்த்து உட்கார்ந்த தொழில்

சோல்டரிங் பேஸ்ட் எரியும் வாசனை. சாம்பிராணிக்கும் அடிப்பிடித்த பாலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற வாசனை அது. போன வாரம் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மழைக்கு ஒதுங்கினேன். அந்த வாசனை என் மூக்கைப் பிடித்து, நான் வேலை செய்த கடைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே பர்சானா இருந்தாள். நான் முழங்கை வைத்துத் தேய்த்த மேசையை இப்போது அவள் தேய்க்கிறாள்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கூத்தைப் பாருங்க" என்றாள். மேசையில் ஒரு புதுப் போன். அதன் சொந்தக்காரர் எதிரில் நின்றார். "உடைஞ்ச ஸ்கிரீனை மாத்தினேன். மாத்தினதுலருந்து இவர்ட முகத்துக்குத் தொறக்க மாட்டேங்குது. கம்பனி குடுத்த ஸ்கிரீன் இல்லியாம். முகம் இவர்ட. காசு இவர்ட. போன் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பனிட பேச்சைக் கேக்குது."

சொந்தக்காரர் போனுக்கு முன்னால் முகத்தை நீட்டி, கண்ணை விரித்து, சிரித்தும் பார்த்தார். போன் அசையவில்லை. சொந்த வீட்டு வாசலில் காவல்காரன் தடுத்த மனிதரைப் போல அவர் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

"உங்க காலத்துல எப்பிடித் தொறந்தீங்க? யாருக்குத் தொறந்தீங்க, யாருக்கு மாட்டேன்னீங்க? எழுதித் தாங்களேன். நம்ம ரிப்பேர் ஆட்கள் ஒரு மலர் போடுறாங்க" என்றாள் பர்சானா.

எழுதுகிறேன். ஐம்பது தாண்டியதும் எனக்கு ஓய்வு கொடுத்தது அரசாங்கமல்ல, கண். மயிரிழை அளவு கம்பியை மயிரிழை அளவு புள்ளியில் வைக்கவேண்டிய தொழிலில், ஒருநாள் கம்பி இரண்டாகத் தெரிந்தது. சோல்டரிங் இரும்பை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் வார்த்தைகளைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பண்டாரவளையில் ஒரு ரேடியோக் கடை, கை நிறையச் சூட்டுக் காயம், ஒரு தையல் மெஷின் மோட்டாரை எரித்ததற்காக ஒரு வசவு. அவ்வளவுதான். சொல்லவேண்டியதெல்லாம் தவமணி அக்காவின் கடையில் சேர்ந்த பிறகு நடந்தது.

தவமணி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் பதுளைத் தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர். காதில் குழாயை மாட்டிக்கொண்டு ஊருக்கும் ஊருக்கும் இணைப்புக் கொடுத்தவர். எந்தத் தோட்டத்துத் துரைக்கு யாரிடம் கடன், எந்த வைத்தியர் எந்த டீச்சரிடம் அரைமணி நேரம் குழைந்தார், எந்தக் கல்யாணம் எந்தப் பேச்சில் முறிந்தது, எல்லாம் அவர் காது வழியாகப் போயிருக்கிறது. ஒன்றாவது வாய் வழியாக வந்ததில்லை. இயந்திரமே இணைப்புக் கொடுக்கும் காலம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு காசு கொடுத்துப் போன் பேசுகிற ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டார். இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு போன், மூலையில் பழுது பார்க்க ஒரு மேசை. மேசைக்கு நான்.

கூண்டுக்குள் யாராவது பேசத் தொடங்கினால் அக்கா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். உள்ளே ஆள் அழுதால் இன்னும் கூட்டுவார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருநாள், "அக்கா கடையில நல்ல பாட்டு போனா, யாரோ அழுகிறாங்கன்னு அர்த்தம்" என்றார்.

அந்த நாளில்தான் பூனாகலைப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். கிளாக்கர் என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்குகளை வைத்திருப்பவர். அவர் வீட்டுப் போனில் பேய் புகுந்துவிட்டதாம். அக்கா என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

விரல் விட்டுச் சுழற்றுகிற கறுப்புப் போன். சுழற்றும் துளையில் ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டு. பூட்டியிருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது. அப்படித்தான் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

"பூட்டு அப்பிடியே இருக்கு தம்பி. சாவி என் அரைஞாண்ல. ஆனா பில்லு மட்டும் மாசாமாசம் ஏறுது" என்றார் கிளாக்கர். வேட்டியை லேசாக விலக்கிச் சாவியையும் காட்டினார்.

அவர் மனைவி தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார்.

நான் பூட்டைப் பார்த்தேன். நல்ல பூட்டு. கம்பியைப் பார்த்தேன். நல்ல கம்பி. பிறகு விஷயத்தைச் சொன்னேன். நான்காம் துளையில் விரல் விட்டுச் சுழற்றினால், அது திரும்பும்போது கம்பியை நான்கு தடவை வெட்டி வெட்டி ஒட்டும். நிலையம் அந்த வெட்டுகளை எண்ணிக்கொள்ளும். ரிசீவரை வைக்கிற இடத்தில் இருக்கிற பொத்தானை நான்கு தடவை தட்டினாலும் அதே வெட்டுத்தான். நிலையத்துக்கு வித்தியாசம் தெரியாது. "இந்தப் பூட்டு சுழற்றியைத்தான் பூட்டும் ஐயா. போனைப் பூட்டாது."

கிளாக்கர் நம்பவில்லை. ரிசீவரைக் காதில் வைத்து, பொத்தானைத் தட்டித் தட்டி அலுவலக எண்ணை அழைத்தார். மறுமுனையில் ஒரு பேக்கரிக்காரர், பாண் முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

"பாத்தியா தம்பி. இது மனுசனால ஆகிற வேலையில்ல."

கதவோரத்திலிருந்து டீச்சர் சொன்னார்: "அப்பிடி அவசரப்பட்டா வராதுங்க. கோலாட்டக் கம்பு மாதிரி ஒரே சீரா விழணும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு விடணும்."

கிளாக்கர் மனைவி பக்கம் திரும்பினார். தேத்தண்ணியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஒனக்கெப்பிடித் தெரியும்?"

"எந் தங்கச்சிகிட்ட ரெண்டு வார்த்த பேச, ஒவ்வொரு வாட்டியும் ஒங்க அரைஞாணப் புடிச்சி இழுக்கவா சொல்றீங்க?"

என் வாயிலிருந்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. கிளாக்கர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. அப்படிச் சிரிக்கிற கிளாக்கரை அந்தத் தோட்டம் பார்த்திருக்காது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்தப் பித்தளைப் பூட்டு சீனி டின்னில் தொங்கியது. அதையும் டீச்சர் திறந்திருப்பார்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "பூட்டைப் பார்க்க முதல், அது ஆரை வெளியில நிப்பாட்டப் போட்ட பூட்டு எண்டு பார்க்க வேணும் தம்பி. அந்த மனிசன் கள்ளனைப் பூட்டேல்லை. மனிசியைப் பூட்டி வைச்சிருக்கிறார்" என்றார்.

கைபேசிகள் மலையேறி வந்தபோது அந்தப் பேச்சுத்தான் எங்கள் கடையின் சட்டமானது.

பர்சானா, நடைமுறையைக் கேட்டாயே, இதுதான். யார் போனைக் கொண்டுவந்து வைத்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "ஆற்ற போன் இது?" என்ன பழுது என்பது இரண்டாவது கேள்விதான். 'ஆற்ற' என்றால் யாருடைய என்று. யாழ்ப்பாணப் பேச்சு. எங்கள் தோட்டத்துச் சனம் ஆற்றில் விழுந்த போனா என்று கேட்கிறார் என நினைத்து, "இல்லீங்க, காஞ்சுதான் இருக்கு" என்று சொன்னதுண்டு. சொந்தக்காரர் முன்னால் இருந்தால்தான் நான் கையை வைக்கலாம். முதலில் சிம்மைக் கழற்றி, தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிஸ் ஒன்றில் வைத்து, அவர் பக்கமே தள்ளிவிட வேண்டும். இதில் எது போனால் பரவாயில்லை, எது போகக் கூடாது என்று வாயால் கேட்க வேண்டும். கடைசியில், திறந்த போனுக்குப் புது இலக்கம் வைக்கும்போது நான் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிவிட வேண்டும். கண்ணை மூடினால் போதாதா என்று கேட்டேன். "கண்ணை மூடின ஆளை ஆரும் நம்பமாட்டினம். முதுகைக் காட்டின ஆளை நம்புவினம்" என்றார்.

சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. இத்தனை வருடத்தில் போயா எனும் பௌர்ணமி விடுமுறைகளையும் விரத நாட்களையும் நான் மனப்பாடம் செய்தது அப்படித்தான். பக்தி என்று ஊர் நினைத்தது.

ஆனால் முதுகைக் காட்டியும் பலனில்லாத ஒரு காலம் இருந்தது. தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடுகிற இடம். தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. அதை உரக்கக் கூப்பிடுவார்கள். பிள்ளை தன் பெயரை எழுதப் பழகுமுன் தாயின் செக்ரோல் நம்பரைச் சொல்லப் பழகும். சரி, போனுக்கு இலக்கம் வைக்கச் சொன்னால் சனம் எதை வைக்கும்? முன்னால் பூச்சியங்களைப் போட்டு ஐந்து இலக்கமாக்கி, தன் செக்ரோல் நம்பரை வைத்தது. பெரட்டில் காது கேட்கிற எவரும் எவருடைய போனையும் திறக்கலாம். மலை முழுக்கப் பூட்டு, மலை முழுக்கச் சாவி.

ஒரு கங்காணியிடம் இதை விளக்கினேன். வேலையாட்களை மேய்க்கிறவர், பெரிய மீசைக்காரர்.

"மறக்காத நம்பரா வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"நீங்க மறக்க மாட்டீங்க. தோட்டமும் மறக்காதே."

"தோட்டத்துக்குத் தெரியாதது எங்கிட்ட என்னாங்க இருக்கு?" என்று கேட்டார். பத்தடி நீளக் காம்பிரா அறையில், சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கசாயம் வைக்கிற லயத்து வரிசை வீட்டில், தனக்கென்று ஒரு மூலை இருந்து பழகாத மனிதருக்கு நான் ஐந்து இலக்கத்தில் ஓர் அறை கட்டிக் கொடுக்க முயன்றுகொண்டிருந்தேன். அது இன்னும் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. புஷ்பம் வரும்வரை.

முதலில் வந்தது புஷ்பமல்ல, அவள் கணவன் சிவலிங்கம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. மணிக்கட்டு இரும்பு மாதிரி இருக்கும். ஒரு வெளிநாட்டுப் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"நம்பரு மறந்துபோச்சிங்க. தெறந்து குடுங்க."

"ஆற்ற போன் இது?" என்றார் அக்கா.

"எங்க வீட்டுப் போன்தாங்க."

"வீடு கதைக்காது தம்பி. ஆற்ற?"

"எம் பொஞ்சாதி குவைத்துல இருந்து கொண்டாந்தது."

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"புருசன் நான் நிக்கிறேன்லங்க?"

"நிக்கிறியள். ஆனால் நாங்கள் புருசன்மாரைப் பழுது பார்க்கிறேல்லை."

அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், இருவரும். ஒரே பஸ்ஸில் வந்து, நமது வாங்கில் ஆளுக்கொரு நுனியில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

அக்கா சிவலிங்கத்தைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார். அவர் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் போய் நின்றார். புஷ்பம் போனை எடுத்து என் முன் வைத்தாள்.

வழக்கம்போலக் கேட்டேன். இதில் எது போகக் கூடாது?

"எம் புள்ள பேசுனது" என்றாள்.

அவள் குவைத்துக்குப் போகும்போது மகள் தர்சினிக்கு மூன்று வயதாம். வெள்ளிக்கிழமைகளில் சிவலிங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடுல்சீமைக் கடைத்தெருவில் ஒரு கடைக்கு வருவார். புஷ்பம் அந்தக் கடைக்கு அழைப்பாள். பேசுவதைப் பதிந்துவைக்க முடியும் என்று கூட வேலை செய்த ஒருத்தி காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு துண்டு. மழலையில் தொடங்கி, பள்ளிக்கூடத்துப் பாட்டு வரைக்கும், நான்கு வருடம். தான் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை முழுசாக அந்தப் போனுக்குள் இருந்தது.

"திரும்பி வந்து லயத்துல உக்காந்து தெனம் சாயந்தரம் காதுல வச்சிக் கேப்பேங்க. எங்க லயத்துல சிக்னலே கெடையாது. சிக்னல் இல்லாத எடத்துல இவ யார் பேச்சக் கேட்டு சிரிக்கிறான்னு அவருக்குச் சந்தேகம். நான் தூங்குனப்ப எடுத்திருக்காரு. என் நம்பரு செக்ரோல் நம்பருதான், தோட்டத்துக்கே தெரியும். தெறந்து பாத்திருக்காரு. எல்லாம் இங்கிலீசுல இருக்கவும் ஒண்ணும் வெளங்கல. அந்தக் கோவத்துல வேற நம்பர மாத்தி வச்சிட்டாரு. இப்ப அவருக்கே என்னான்னு தெரியல."

"பிள்ளையின்ர குரல்தான் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார் அக்கா.

"கேட்டிருந்தா போட்டே காட்டியிருப்பேங்க. கேக்கலியே. களவாத்தானே எடுத்தாரு."

அக்கா தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

நான் கம்பியை மாட்டிக் கணினியோடு இணைத்தேன். சில போன்கள் இப்படி மாட்டினால் தன் இலக்கத்தைத் தானே சொல்லிவிடும். இது சொல்லவில்லை. கம்பியை மாற்றினேன், பழைய மென்பொருளைப் போட்டேன், புதியதைப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரு வழி. உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. போன் திறக்கும். கடையிலிருந்து வாங்கிய அன்று இருந்ததுபோல வெறுமையாகத் திறக்கும். வேறு கடையில் என்றால் சொல்லாமலே துடைத்துக் கொடுத்திருப்பார்கள்.

புஷ்பத்திடம் சொன்னேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப தெறக்க வேணாங்க. பூட்டியே இருக்கட்டும். உள்ளயாவது இருக்கும்ல."

அக்கா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இலக்கத்தை மாற்றும்போது அந்த வகைப் போன் இரண்டு தடவை கேட்கும். புது இலக்கத்தைப் போடு என்று ஒன்று, சரிதானா, திரும்பப் போடு என்று ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். கோபத்தில் கண்டபடி அமுக்கிய விரல் அதே கண்டபடியை மறுபடி அமுக்காது. அப்படியென்றால் அந்த விரலுக்குள் ஏதோ ஒழுங்கு இருந்திருக்கிறது. தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

சிவலிங்கத்தை உள்ளே கூப்பிட்டோம். அதே வகையில் செத்த போன் ஒன்று என்னிடம் இருந்தது. பற்றரியில்லாமல் அவர் கையில் கொடுத்தேன். "அன்னைக்கு அமுக்கின மாதிரி அமுக்குங்க."

"கோவத்துல அமுக்குனதுங்க. ஞாபகமில்ல."

"ஞாபகப்படுத்த வேணாம். சும்மா அமுக்குங்க."

இவ்வளவு காலம் சுவரைப் பார்த்தவன் இப்போது விரலைப் பார்க்க வேண்டும். புஷ்பத்திடம் கேட்டேன், பார்க்கலாமா என்று. "நல்லாப் பாருங்க. அது எந் நம்பர் இல்லியே" என்றாள்.

அவர் கட்டைவிரல் போனின் மேல் வழி தெரியாத ஆட்டுக்குட்டி மாதிரி அலைந்தது. ஒருதரம் ஒன்று, மறுதரம் இன்னொன்று. கூச்சம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எதிரில் இருக்க எந்த ஆண்பிள்ளைக்குக் கோபம் வரும்?

அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல மெல்லச் சொன்னார்: "பாவம், இவருக்கு என்ன தெரியும். மனிசி அங்க பாடுபட, இவர் இங்க குந்தியிருந்திருப்பார். பிள்ளையை ஆரும் அயல்வீட்டார் வளர்த்திருப்பினம்."

சிவலிங்கத்தின் கழுத்து நரம்பு எழுந்தது.

"யாருங்க வளத்தா? நாலு வருசம் நாந்தான் தல சீவி விட்டேன். பேன் பாத்தேன். பாவாட தொவச்சேன். ரெட்டப் பின்னல் போடப் பழகுனேன். தோட்டமே சிரிச்சிச்சி, போடறத நிறுத்தல. அயல்வீட்டுக்காரனா?"

சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் தன் பாட்டில் இறங்கியது. கீழே பூச்சியத்தில் ஊன்றி, நடு வரிசையில் விறுவிறுவென்று மேலே ஏறி, உச்சியில் வலப்பக்கம் ஒரு சாய்ப்பு. நிற்காமல் மறுபடியும் அதே ஏற்றம், அதே சாய்ப்பு. அது கவ்வாத்து வெட்டு. கத்தியைக் கிளைக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுத்து, சாய்வாக வெட்டி எடுக்கிற வீச்சு. வாழ்நாள் முழுக்கச் செடிமேல் செய்ததை அவர் கை அன்றைக்குப் போன்மேல் செய்திருக்கிறது.

"போதும், போதும்" என்றேன்.

"கோவிக்காதேங்கோ தம்பி. உங்கட விரலை எழுப்பத்தான் அப்பிடிச் சொன்னனான்" என்றார் அக்கா. சிவலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றார்.

ஐந்து இலக்கத்தையும் நான் அமுக்கவில்லை. புஷ்பத்திடம் சொன்னேன், அவளே அமுக்கினாள். போன் வெளிச்சமானது. எனக்கு அந்தத் தொழிலில் கிடைத்த பெரிய வெளிச்சம் அது.

அவள் தேடி எடுத்துக் காதில் வைத்தாள். மழை அவள் முகத்தில் விட்டிருந்த ஈரம் இன்னும் காயவில்லை. அதன் மேல் சிரிப்பு வந்தது. கேட்டாள், இன்னொன்றைப் போட்டாள், கேட்டாள். சிவலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டு என்று கேட்கவில்லை. எங்களில் யாரும் சொல்லவுமில்லை. அவளாக எழுந்து போய், போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

ரேடியோ சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு உதடு, பிள்ளையோடு சேர்ந்து எதையோ முணுமுணுத்தது. திடீரென்று திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்.

"பின்னால பேசுறது யாரு? நானில்ல?"

"வேற யாரு. அவளுக்குப் பாட்டு மறந்தா நீங்கதான எடுத்துக் குடுப்பீங்க. எல்லாத்துலயும் இருக்கீங்க."

"அப்ப நீ தெனம் சிரிச்சது?"

"புள்ள பாட்டுக்கு எனக்கு அழுகதான் வரும். நீங்க எடுத்துக் குடுக்குற ராகத்துக்குத்தான் சிரிப்பேன்."

கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்த ஒருவர் வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்கு அக்கா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

பிறகு கடையின் சட்டம். புது இலக்கம் வைக்க வேண்டும். செக்ரோல் நம்பர் வேண்டாம், பெரட்டில் கூப்பிடாத எதுவானாலும் சரி என்று புஷ்பத்திடம் சொன்னேன். நாற்காலியைத் திருப்பினேன். அக்கா சிவலிங்கத்தைப் பார்த்து, "நீங்களும் தான் தம்பி" என்றார். அவர் வந்து என் பக்கத்தில், மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நின்றார்.

"இங்க என்னாங்க பாக்குறது?" என்று குசுகுசுத்தார்.

"போயா என்னைக்கு வருதுன்னு பாருங்க."

நிஜமாகவே தேடினார். பின்னால் ஐந்து சின்னச் சத்தங்கள் கேட்டன. சற்று நின்று, இன்னும் ஐந்து. "சரிங்க, திரும்பலாம்" என்றாள் புஷ்பம்.

வாங்கில் இப்போது இருவரும் ஒரு நுனியில் உட்கார்ந்து செருப்பின் சேற்றைத் தட்டினார்கள். அக்கா சில்லறை வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு என்று ஒரு சின்ன இனிப்புப் பொட்டலத்தைக் கொடுத்தார். வாசலில் சிவலிங்கம் குடையை விரித்து, அதை முழுக்க அவள் பக்கம் சாய்த்தார். அப்புறம் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்ப என்னா நம்பரு வச்ச?"

"சொல்ல மாட்டேன். நடங்க, மடுல்சீம பஸ்ஸு போயிரும்."